தலையை இழுத்துக் கட்டினால் குதிரை அமைதியாகுமா?

2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டி ரேஸ் மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஊட்டி ரேஸ் மைதான நிலமும் அரசின் கைக்கு வந்தது. அந்த நிலங்களில் என்ன வர வேண்டும், குத்தகை பாக்கி எவ்வளவு என்றெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. பந்தயத்தை விட்டு வெளியேறும் குதிரைகளைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. மைதானம் மூடினாலும் மூடாவிட்டாலும், சென்னையானாலும் பெங்களூரானாலும் மும்பையானாலும், ஒவ்வோர் ஆண்டும் ஓட்டத்துக்கு உதவாது என்று கழிக்கப்படும் குதிரைகள் உண்டு. தரோபிரெட் இனக் குதிரை இருபத்தைந்து வயது வரை வாழக்கூடியது. அதன் ஓட்ட வாழ்க்கையோ பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதிலேயே முடிந்துவிடுகிறது. மீதமுள்ள காலத்துக்குக் கொஞ்சம் நல்வாய்ப்பு உள்ளவை சவாரிப் பள்ளிகளுக்கும் தனியார் லாயங்களுக்கும் போகின்றன. நேற்று வரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் சொன்ன உயிரிடம், இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு நிதானமாக வட்டமடிக்கச் சொல்கிறோம்.

அப்படி வந்து சேரும் குதிரையிடம் எந்த நாட்டிலும் காணும் சிக்கல் ஒன்று உண்டு. முதுகில் ஆள் உட்கார்ந்ததும் உடல் விறைக்கிறது. தலை மேலே எகிறுகிறது, முதுகு குழிகிறது, அடிகள் குறுகுகின்றன, வாரை இழுத்தால் நிற்பதற்குப் பதில் வேகம் கூடுகிறது. இதற்கு மருந்து என்று சொல்லிக் கடைகளில் விற்கப்படும் துணைக்கருவிகள் பல. டிரா ரெய்ன் என்பது வயிற்று வாரில் தொடங்கி, வாய் இரும்பின் வளையத்துக்குள் ஓடி, சவாரி செய்பவர் கைக்கு வரும் நீளமான வார். கப்பியின் தத்துவத்தில் வேலை செய்வதால் சின்ன இழுப்புக்கே குதிரையின் மூக்கு நெஞ்சுப் பக்கம் மடிந்துவிடும். சைடு ரெய்ன், சேணத்தின் இரு பக்கத்தையும் வாயையும் நேராகப் பிணைத்து நிறுத்திவிடும். பெசோவா என்பது பிரேசில் நாட்டு வீரர் நெல்சன் பெசோவாவின் பெயரால் வழங்கும் கயிற்று அமைப்பு, பின்தொடைகளைச் சுற்றிவந்து வாயில் முடியும். ஷாம்போன், மார்ட்டிங்கேல் என்று வரிசை இன்னும் நீளும். இவற்றைக் கட்டினால் குதிரை தளர்ந்து அமைதியாகும் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் உறுதி. தலையைக் கட்டிப்போடும் கருவிகளில் பெரும்பாலானவை தளர்ந்த குதிரையின் தோற்றத்தை உண்டாக்குகின்றனவே தவிர, தளர்ச்சியை உண்டாக்குவதில்லை என்பது என் வாதம். ஓய்வுபெற்ற ரேஸ் குதிரையின் விறைப்புக்குக் காரணங்கள் அதன் பழக்கத்திலும் உடலிலும் லாயத்திலும் இருக்கின்றன. அவற்றைத் தேடாமல் முதல் வேலையாகக் கருவியைக் கட்டுவது குதிரைக்கும் தீங்கு, அதன் மேல் ஏறும் மனிதருக்கும் தீங்கு.

முதலில் பழக்கத்தைப் பார்ப்போம். ரேஸ் குதிரை ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. நன்றாகப் பாடம் கற்றுத்தான் வருகிறது, ஆனால் அது வேறு வேலைக்கான பாடம். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில், எலும்பு முழுக்க முற்றுவதற்கு முன்பே, அதன் மேல் சேணம் ஏறிவிடுகிறது. ஏறுகிற ஜாக்கி வேகத்தில் அதன் முதுகில் உட்காருவதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்தில் பிரபலமாக்கிய குந்திய நிலைதான் இன்று எங்கும் வழக்கம். அங்கவடியைக் குட்டையாக்கி, இடுப்பைத் தூக்கி, தன் எடையின் அதிர்ச்சியைத் தன் முழங்கால்களிலேயே வாங்கிக்கொண்டு நிற்பது அந்த முறை. அது பரவிய ஆண்டுகளில் பெரிய பந்தயங்களின் நேரம் 5 முதல் 7 சதவீதம் வரை மேம்பட்டது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். அதாவது முதுகில் பாரம் அழுந்தாமல் இருப்பதே வேகத்தின் இரகசியம். அந்தக் குதிரையின் மேல் சவாரிப் பள்ளியில் ஒருவர் தன் முழு எடையோடு உட்கார்ந்து, இரு கால்களையும் விலாவில் ஒட்டவைக்கும்போது, அதற்கு அது முற்றிலும் புதிய அனுபவம். ரேஸ் லாயத்தில் ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள், குதிரை பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும். மேடையருகே அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அமெரிக்க மைதானங்களில் பந்தயம் இடப்பக்கமாகவே வளைகிறது, அங்கிருந்து வரும் குதிரைக்கு வலப்பக்க வளைவு கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு கடிவாள வாரின் பொருளில் இருக்கிறது. ஜாக்கி இரண்டு வார்களையும் குறுக்காகச் சேர்த்துக் கழுத்தின் மேல் ஊன்றிப் பிடிக்கிறார். குதிரை அந்தப் பிடிமானத்தின் மேல் சாய்ந்து, அதையே ஆதாரமாகக் கொண்டு பாய்கிறது. பிடி இறுகினால் வேலை தொடங்குகிறது, ஓட்டம் முடிந்து வார் தளர்ந்தால் வேகம் இறங்குகிறது. நூற்றுக்கணக்கான காலைப் பயிற்சிகளில் உடம்பில் ஏறிய பாடம் இது. சாதாரண சவாரியில் பொருள் நேர் எதிராக மாறிவிடுகிறது, இங்கே வாரை இழுத்தால் மெதுவாகு என்று அர்த்தம். குதிரை பதறி வேகமெடுக்கும்போது மேலே இருப்பவர் பயந்து இன்னும் இறுக்குகிறார். குதிரைக்குத் தெரிந்த மொழியில் அது இன்னும் ஓடு என்ற கட்டளை. இதைப் பிடிவாதம் என்றும் கிறுக்கு என்றும் சொல்லிவிடுகிறோம். சொன்னதைச் சொன்னபடி செய்யும் உயிர் மேல் சுமத்தப்படும் இந்தப் பெயர் எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது.

இந்தக் குழப்பத்தின் நடுவே டிரா ரெய்னைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? குதிரைப் பயிற்சியின் அடிப்படை, அழுத்தமும் விடுவிப்பும். அழுத்தம் கேள்வி கேட்கிறது, குதிரை சரியாகப் பதில் சொன்ன கணத்தில் அழுத்தம் விலகினால் அது கற்றுக்கொள்கிறது. குதிரையேற்ற அறிவியலுக்கான பன்னாட்டுச் சங்கம் வகுத்த பயிற்சிக் கொள்கைகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. நிலையாகக் கட்டப்பட்ட கருவிக்கு அந்தக் கணம் தெரியாது. குதிரை சரி செய்தாலும் தவறு செய்தாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. சைடு ரெய்ன் கட்டிய குதிரை ட்ராட் எனும் மித ஓட்ட நடையில் போகும்போது ஒவ்வொரு முழு அடிக்கும் இரண்டு முறை வாரின் இழுவிசை உச்சத்துக்குப் போவதையும், வாரைக் குட்டையாக்கினால் விசை கூடுவதையும் அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் ஹிலரி கிளேட்டன் குழுவினர் 2011-இல் அளந்து காட்டினார்கள். யார் கையும் இழுக்காதபோதே வாயில் விழும் தட்டு அது. இதிலிருந்து தப்பக் குதிரைக்கு இரண்டு வழிகள். ஒன்று, எதிர்த்துப் போராடி முன்னங்கால்களைத் தூக்கி எழுவது. வார் இறுகியிருக்கும் நிலையில் அது பின்பக்கம் சரிந்து விழுந்தால் ஏறியவருக்கு உயிராபத்து. மற்றொன்று, சரணடைவது. கழுத்தை நடுவில் மடித்து மூக்கை நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டால் வாய் தற்காலிகமாகத் தப்பிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் குதிரை அழகாக வளைந்து பணிந்துவிட்டது என்று மகிழ்கிறார். முதுகோ குழிந்தபடியே இருக்கிறது, பாரம் முன்னங்கால்களிலேயே கிடக்கிறது. உலை கொதிக்கும்போது மூடியை அழுத்திப் பிடித்தால் சத்தம் அடங்கலாம், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது உடல். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளின் இரைப்பைக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 345 பந்தயக் குதிரைகளைப் பார்த்து 2003-இல் வெளியான ஆய்வில் 86 சதவீதத்துக்கு இரைப்பைப் புண் இருந்தது. அத்தகைய வயிற்றின் மேல் வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை காதைப் பின்னுக்கு மடிப்பதும் கடிக்க வருவதும் குணக்கேடு ஆகாது. முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றையொன்று நெருங்கி உரசும் கோளாறும் தரோபிரெட் இனத்தில் அதிகம் காணப்படுவது. பற்களையும் மறந்துவிடக் கூடாது. ஏறக்குறைய இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன, அதன் பந்தய வாழ்க்கையும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் நடக்கிறது. பழைய தசைநார்க் காயங்கள், குளம்புக் கோளாறுகள் வேறு. இவற்றில் எது ஒன்று இருந்தாலும் முதுகில் ஆள் ஏறினால் உடம்பு விறைக்கத்தான் செய்யும்.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது குதிரை காட்டும் வலிக்குறிகளைத் திரட்டி 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை 2018-இல் வெளியிட்டார். காது மடிப்பு, வாய் திறப்பு, வால் வீச்சு, வெறித்த பார்வை, தலையை உதறுவது போன்றவை அதில் அடங்கும். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவர் முடிவு. இந்தப் பட்டியலை நம் விவாதத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மூக்கு செங்குத்துக் கோட்டைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் மடிந்து பத்து விநாடிக்கு மேல் நிற்பதும் அந்தப் பட்டியலில் ஒரு வலிக்குறி. டிரா ரெய்ன் பாடுபட்டு உண்டாக்குவது அந்த உருவத்தைத்தான். இரண்டாவது, இன்னும் கவலைக்குரியது. மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையை இறுக்கினால் வாய் திறப்பு தெரியாது, தலையைக் கட்டினால் உதறல் தெரியாது. குதிரைக்குப் பேச்சு இல்லை, உடம்பின் அசைவுதான் அதன் முறையீடு. கருவி அந்த முறையீட்டைத் தடுத்துவிடுகிறது. நோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய நேரத்தில் நோயின் அடையாளங்களை நாமே மறைத்துவிடுகிறோம்.

லாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குதிரையின் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரப்பது. புல்லை மென்றுகொண்டே இருந்தால் ஊறும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்கும், அதனால் மேயவிட்ட குதிரை நாளில் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. ரேஸ் லாயத்தில் தானியம் அதிகம், புல் குறைவு, நாளின் பெரும்பகுதி அடைப்பு, மற்றக் குதிரைகளோடு உரசிப் பழக வழியில்லை. சவாரிப் பள்ளிக்கு வந்த பிறகும் அதே தானியத்தைக் கொட்டி, அதே அடைப்பில் வைத்து, ஒரு மணி நேரம் மட்டும் வெளியே எடுத்து, ஏன் துள்ளுகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஓட்டத்துக்கான எரிபொருளை நிரப்பிவிட்டு, வெளியேறும் வழியை வாரால் அடைக்கிறோம்.

தோற்றம் பணிவாக இருந்தால் மனமும் அமைதியாகத்தானே இருக்கும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 15 குதிரைகளைப் பிரியும் பாதையில் விட்டார்கள். ஒரு பக்கம் திரும்பினால் கழுத்தை வலிந்து மடக்கிய சவாரி, மறுபக்கம் திரும்பினால் வழக்கமான சவாரி. எந்தப் பக்கம் எது என்று பழகிய பிறகு தேர்வைக் குதிரையிடமே விட்டபோது, 14 குதிரைகள் வழக்கமான சவாரியின் பக்கத்தையே அதிகமாகத் தேர்ந்தன. அவற்றுள் சிலவற்றுக்குத் திடீர் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தபோது, கழுத்து மடக்கிய சவாரிக்குப் பின் அச்சம் கூடுதலாக வெளிப்பட்டது. இதற்கு உடலியல் காரணமும் உண்டு. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றே வழி. கழுத்து இறுக மடிந்தால் தொண்டைப் பாதை குறுகிக் காற்றுக்குத் தடை கூடுகிறது. மூக்கு நெஞ்சுக்குள் போய்விட்டால் எதிரே இருப்பதைப் பார்க்கும் திறனும் குறைகிறது. ஓடித் தப்பித்தே உயிர்பிழைக்கும் இனத்தில் பிறந்த உயிருக்கு மூச்சையும் பார்வையையும் குறுக்கிவிட்டு அமைதியாக இரு என்று சொல்கிறோம். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 12 குதிரைகளுக்கு மூக்குப்பட்டையைப் பல அளவுகளில் இறுக்கிப் பார்த்தார்கள். மிக இறுகிய நிலையில் இதயத்துடிப்பும் கண்ணின் வெப்பமும் உயர்ந்தன, மெல்லுவது நின்றுபோனது, பட்டையை அவிழ்த்ததும் குதிரைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டாவி விட்டன, விழுங்கின, நக்கின. அடுத்த ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், போட்டிகளில் பங்கேற்ற 750 குதிரைகளில் 44 சதவீதத்துக்கு மூக்குப்பட்டைக்குள் ஒரு விரல்கூட நுழையாத இறுக்கம் இருந்தது. இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்ற பழைய விதிப்படி இருந்தவை 7 சதவீதம். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, வலுக்கட்டாயமாகக் கழுத்தை மடக்கும் முறையை 2010-லேயே ஏற்கத்தகாதது என்று அறிவித்தது. குதிரையின் நடையையும் இணக்கத்தையும் மதிப்பிடும் டிரெஸாஜ் போட்டிக் களத்தில் டிரா ரெய்ன், மார்ட்டிங்கேல் போன்றவற்றுக்கு அனுமதியும் இல்லை. களத்தில் தேறவேண்டியது கட்டில்லாத குதிரை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். வலுவான மறுப்பு பாதுகாப்பு பற்றியது. ஐநூறு கிலோ எடையுள்ள குதிரை பிடுங்கிக்கொண்டு ஓடினால் மேலே இருப்பவர் சாகக்கூடும், அதைத் தடுக்க ஒரு வார் தேவைப்பட்டால் கட்டித்தானே ஆகவேண்டும் என்பது அது. ஏறுபவர் உயிர் எனக்கும் பெரிதுதான். அதனாலேயே இதை மறுக்கிறேன். வாரில் சாய்ந்து பாயக் கற்ற குதிரைக்கு இன்னும் பலமான வாரைக் கொடுப்பது ஆபத்தைக் குறைப்பதில்லை. எழும்பிச் சரியும் ஆபத்து புதிதாகச் சேர்கிறது, கற்றுக்குட்டியின் கையில் அது இன்னும் பெரிதாகிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் வழிகள் இருக்கின்றன. கழுத்தைச் சுற்றி ஒரு சாதாரண வாரைக் கட்டி, பதற்றமான நேரத்தில் வாயை இழுப்பதற்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொள்வது பழைய வழக்கம், செலவும் இல்லை. அளவாகக் கட்டிய ஓட்ட மார்ட்டிங்கேலையும் நான் எதிர்க்கவில்லை, தலை அளவுக்கு மீறி எகிறும்போது மட்டும் அது வேலை செய்கிறது, மற்ற நேரத்தில் தளர்ந்து கிடக்கிறது. வேலி அடைத்த சிறு மைதானம், துணைக்கு நிதானமான ஒரு குதிரை, அனுபவசாலியான சவாரியாளர் ஆகிய மூன்றும் எந்தக் கருவியையும்விடப் பாதுகாப்பானவை. இவை இல்லாத இடத்தில் ஓய்வுபெற்ற ரேஸ் குதிரை மேல் மாணவரை ஏற்றவே கூடாது. கருவி இருந்தால் ஏற்றலாம் என்ற துணிச்சல்தான் விபத்துக்கு வழி.

இரண்டாவது மறுப்பு அறிவியலின் பெயரால் வருகிறது, இதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பெசோவா கட்டிய குதிரைகளின் ட்ராட் நடையை ஆராய்ந்து பிரிட்டனில் 2013-இல் வெளியான ஆய்வு, இடுப்பும் முதுகும் சேரும் பகுதியின் வளைவில் மாற்றம் வந்தது என்றும், கால் மூட்டுகளில் கூடுதல் சுமை ஏறியதற்கான அடையாளம் இல்லை என்றும் சொன்னது. வயிற்றையும் பின்தொடையையும் சுற்றும் மீள்பட்டைகளை நான்கு வாரம் பயன்படுத்திய குதிரைகளின் முதுகு அதிக நிலைத்தன்மையோடு அசைந்தது என்று 2017-இல் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வு ஒன்று காட்டியது. இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் இவை அளந்தது அசைவை, மனநிலையை அல்ல. பெசோவா ஆய்வு, ஆள் ஏறாமல் நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டிப் பார்த்தது. மீள்பட்டை குதிரையின் தலையைத் தொடுவதே இல்லை. கருவிகளை ஒரே குவியலாக்கி நல்லது, கெட்டது என்று தீர்ப்பு சொல்ல முடியாது என்பதற்கு இவையே சான்று. ஷாம்போனை எடுத்துக்கொள்ளுங்கள். தலை மேலே எழும்பினால் உச்சந்தலையில் அழுத்தம் வரும், தலையைத் தாழ்த்தினால் முழுக்க விலகும், மூக்கை முன்னால் நீட்டவும் தடையில்லை. பிடரியிலிருந்து முதுகு வரை செல்லும் நார், தலை தாழும்போது இழுபட்டு முதுகை உயர்த்துகிறது என்ற உடற்கூற்று உண்மையில் அது நிற்கிறது. விடுவிப்பு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தேர்ந்த பயிற்சியாளர், வலியில்லை என்று மருத்துவர் உறுதி சொன்ன குதிரைக்கு, தளர்வாகக் கட்டி, ஆள் ஏறாமல், சில நிமிடம் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தக் கருவியையும் நான் அளக்கும் அளவுகோல் எளிது: சரியாகச் செய்த குதிரையை அது உடனே விடுகிறதா? அதை அவிழ்த்த பின்னும் குதிரை அதே தளர்ச்சியோடு நடக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் அது பயிற்சிக்கு உதவவில்லை.

காலமும் பணமும் எங்கே என்பது மூன்றாவது மறுப்பு. லாயம் நடத்துபவருக்குக் குதிரை நின்றாலும் தீனிச் செலவு, அதனால் விரைவில் சவாரிக்குத் தயாராக வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது. ஆனால் முறையான மறுபயிற்சி முடிவில்லாத வேலை அல்ல. பிரிட்டனில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கான அமைப்பை அந்நாட்டுப் பந்தயத் துறையே 2000-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ரேஸ் குதிரைத் திட்டம் கென்டக்கியில் ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில், சுமார் பத்து மாதம் மறுபயிற்சி பெற்ற குதிரைகள் தடை தாண்டலிலும் டிரெஸாஜிலும் இன்னும் பல பிரிவுகளிலும் பங்கேற்கின்றன. ரேஸ் குதிரையின் மனம் கெட்டுப்போனது, திருத்த முடியாது என்ற எண்ணத்தையும் வரலாறு ஏற்கவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வில்லியம் ஸ்டெயின்கிராஸுக்குத் தடை தாண்டலில் தங்கம் வாங்கித்தந்த ஸ்னோபவுண்ட், பந்தயத்திலிருந்து வந்த குதிரை. 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஜோ ஃபார்கிஸுக்கு இரண்டு தங்கம் கொடுத்த டச் ஆஃப் கிளாஸ், ரேஸில் ஒரு வெற்றிகூடப் பெறாமல் வெளியே வந்த பெண்குதிரை. அவசரத்தில் கருவி கட்டிப் பழக்கிய குதிரை, கட்டை அவிழ்த்த அன்று பழைய இடத்துக்கே திரும்புமானால், மிச்சமானதாக நினைத்த காலம் மிச்சமாகவே இல்லை. வாய் மரத்து, முதுகு கெட்ட குதிரையை யாரும் வாங்குவதும் இல்லை.

கருவி இல்லாமல் என்ன செய்வது? பெரும்பாலும் பொறுமை கேட்கும் சாதாரண வேலைகள்தான். வந்த குதிரைக்கு முதலில் சில வாரம், முடிந்தால் சில மாதம், சேணமில்லாத ஓய்வு. அந்தக் காலத்தில் தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, குதிரைமசாலும் உலர்புல்லும் தாராளமாகப் போட்டு, துணைக் குதிரையோடு திறந்த இடத்தில் விடுவது. சவாரிக்குச் சற்றுமுன் ஒரு பிடி குதிரைமசால் மெல்லக் கொடுப்பதுகூட இரைப்பை அமிலத்துக்குத் தடுப்பாக உதவும். பிறகு, தரையில் நின்றபடி கயிற்றின் மெல்லிய இழுப்புக்கு ஓர் அடி பின்வைத்தால் உடனே தளர்த்துவது, தலையைத் தாழ்த்தினால் உடனே தளர்த்துவது. ஏறும் மேடையருகே அசையாமல் நிற்பதைத் தனிப்பாடமாகவே கற்பிக்க வேண்டும், குதிரையின் பதற்றத்தில் பெரும்பகுதி அந்த முதல் நிமிடத்திலேயே தொடங்குகிறது. ஏறியபின் நீளமான வாரில் நடை, பெரிய வட்டங்கள், நடையிலிருந்து ட்ராட்டுக்கும் ட்ராட்டிலிருந்து நடைக்கும் அடிக்கடி மாற்றம், தரையில் வைத்த கழிகளைத் தாண்டி நடப்பது. கழியைக் கடக்கும் குதிரை தானாகவே கீழே பார்க்கிறது, கழுத்தை நீட்டுகிறது, முதுகைத் தூக்குகிறது. ஷாம்போன் கேட்பதை ஒரு மூங்கில் கழி வாரில்லாமலே கேட்டு வாங்கிவிடுகிறது. வேகம் கூடும்போது இழுத்துத் தொங்குவதற்குப் பதிலாக வட்டத்தைச் சிறிதாக்கி, குதிரை நிதானித்த கணத்தில் கையைத் தளர்த்தினால், வாரின் புதிய பொருளை அது சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். ஜெர்மானியப் பயிற்சி முறையின் படிநிலையில் சீரான தாளம் முதலில் வருகிறது, உடலும் மனமும் தளர்வது இரண்டாவதாக, வாயோடு தொடர்பு மூன்றாவதாக. தலையைக் கட்டும் கருவி மூன்றாவது படியை முதலில் ஏறச் சொல்கிறது.

நம் ஊரில் செய்யவேண்டியவற்றை இந்த அடிப்படையில் கேட்கிறேன். பந்தயத்திலிருந்து ஒரு குதிரை கைமாறும்போது அதன் காயங்கள், கொடுத்த மருந்துகள், பல் பராமரிப்பு, தீனி விவரம் அடங்கிய மருத்துவக் குறிப்பு அதோடு கூடவே போகவேண்டும். இதை ரேஸ் கிளப்புகள் விற்பனை நிபந்தனையாகவே வைக்கலாம். வாங்கும் பள்ளி, முதல் சவாரிக்கு முன் இரைப்பை, முதுகு, பல் மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். வேப்பேரியில் நூற்றாண்டு கடந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் சென்னைக்கு இது எட்டாத காரியமல்ல. இரைப்பைப் புண்ணுக்கு ஒமெப்ரசோல் சிகிச்சை உண்டு, ஒரு டிரா ரெய்னைவிட அது குதிரையை அமைதிப்படுத்த வாய்ப்பு அதிகம். மாணவர் ஏறும் குதிரைக்கு டிரா ரெய்னும் இறுகிய சைடு ரெய்னும் கூடாது என்று ஒவ்வொரு பள்ளியும் எழுதிவைக்க வேண்டும், பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் அந்த விதியைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கு முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்யும் விதி 1965-இலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. சவாரிக் குதிரைக்கும் வாய் அதே வாய்தான். மூக்குப்பட்டைக்கு இரண்டு விரல் அளவு என்ற பழைய விதிக்கு 2025 முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அளவுகருவியே வைத்துச் சோதிக்கிறது, அதே அளவைக் கண்காட்சிகளிலும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளிலும் இங்கே பயன்படுத்தத் தொடங்குவதற்குச் சட்டத் திருத்தமோ பெரிய செலவோ தேவையில்லை. போட்டி நடத்துபவர்கள் அடுத்த பருவத்தின் நுழைவு விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.